ஹம்சாவின் கன்னமும் கால் விலை சீடியும்

மாளவிகாவுக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. பாண்டி பஜாரில் அவள் சாயங்காலம் படிக்கப் போகும் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு தள்ளுபடி வந்திருந்தது. புகைப்படங்களைத் திருத்துகிற ஸாஃப்ட்வேர், அசல் சீடி, பெட்டியும் புத்தகமுமாக, காலேஜில் படிக்கிறவர்களுக்கு மட்டும் கால் விலை. சனிக்கிழமையோடு சரி. அடையாள அட்டையைக் காட்டினால் போதும். மாளவிகா பி.காம். கடைசி வருஷம். பரீட்சை முடிந்துவிட்டால் அவள் மாணவியும் இல்லை, அப்புறம் கால் விலையும் இல்லை. வேறொருத்தியாக இருந்தால் முதல் நாளே பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருப்பாள். இவள் ஏன் இப்படித் தவித்தாள் என்றால், அதற்கு முதலில் ஹம்சாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஹம்சா அவளுடைய அக்கா. வயது இருபத்தேழு. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். அப்பா போனதிலிருந்து மயிலாப்பூர் வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்தான். அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிற ரகமில்லை அவள். இடது கன்னத்தில், காதோரத்திலிருந்து தாடை வரைக்கும், காப்பிப்பொடி நிறத்தில் ஒரு மறு. பிறந்தபோதே கூட வந்தது. பார்க்கிறவர்கள் முதலில் அதைப் பார்ப்பார்கள், அப்புறம் பார்க்காத மாதிரி வேறெங்கோ பார்ப்பார்கள். ஹம்சா அதையும் பார்த்துச் சிரிப்பாள். வகுப்பில் பூகோளப் பாடம் வந்தால், "இலங்கை எப்படி இருக்கும், சொல்லுங்கோ பார்ப்போம்" என்று கன்னத்தைத் திருப்பிக் காட்டுவாள். பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டு கிட்டே ஓடிவரும். அந்த வகுப்பில் இலங்கையைத் தப்பாக வரைந்த பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது.

ஜாதகத்தோடு அனுப்ப ஒரு ஃபோட்டோ வேண்டும் என்று தெற்கு மாடவீதியில் ஹனீஃபா பாய் ஸ்டூடியோவுக்குப் போனபோதும் அப்படித்தான். பாய் பாவம், நல்ல மனசோடு, "கன்னத்துல கொஞ்சம் டச்சப் பண்ணிடட்டுமா பாப்பா" என்று கேட்டார். "வேண்டாம் பாய். நாளைக்கு வந்து பாக்கறவாளுக்கு ஆச்சரியமா இருக்கக்கூடாது" என்றாள் ஹம்சா. பாய் உள்ளபடியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்.

இந்த மகராசி மாளவிகா என்ன செய்தாள் தெரியுமா? சென்டரில் அவளுக்கு உமர் ஃபாரூக் என்று ஒரு சார். கைகாரர். ஒரு நாள் அவர் புதுப் பாடம் எடுத்தார். முகத்தில் நல்ல இடத்துத் தோலைத் தொட்டு எடுத்து, கெட்ட இடத்தின்மேல் ஒட்டுகிற பாடம். "ஆளுக்கு ஒரு ஃபோட்டோ எடுத்துக்கினு வாங்க, நாளைக்கு நீங்களே பண்ணிப் பாருங்க" என்றார். வீட்டில் ஃபோட்டோவுக்கா பஞ்சம்? ஒன்றாம் கிளாஸ் குரூப் ஃபோட்டோ இருக்கிறது, கும்பகோணத்து மாமா கல்யாண ஃபோட்டோ இருக்கிறது. மாளவிகாவின் கை நேராகப் போய் ஹம்சாவின் புது ஃபோட்டோவை எடுத்தது. மறு இருக்கிற முகம் வேண்டுமே, அழித்துப் பழக!

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அழித்தாள். வலது கன்னத்திலிருந்து எடுத்து எடுத்து இடது கன்னத்தில் ஒட்டினாள். முடிந்ததும் பின்னால் வந்து நின்ற ஃபாரூக் சார் அப்படியே அசந்துபோனார். "ஏ ஒன்னும்மா. ஒட்டுப்போட்ட இடமே தெரியலை" என்று பளபளப்புத் தாளில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். மாளவிகாவுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் வரும்போதே நாலு தடவை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அதை அலமாரியில், துணிக்கு அடியில் வைத்தாள். ஏன் ஒளித்தாள்? தப்பு என்று தெரிந்துதான் ஒளித்தாள், வேறென்ன.

அம்மா துணி மடித்து வைக்கப் போனவள் கண்ணில் அது பட்டது. கே.கே. நகரிலிருந்து ஒரு வரன் வந்திருந்த நேரம். அம்மா ஃபோட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பெற்றவளுக்கு மறு எங்கே என்று தெரியாதா?

"ஏண்டி, இது எப்போ எடுத்தது?" என்றாள்.

மாளவிகா மென்று விழுங்கினாள். "ஹனீஃபா பாய் எடுத்ததுதாம்மா. அதுல ஒண்ணு."

"லைட்டு நன்னா விழுந்திருக்கு" என்றாள் அம்மா. அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. ஒருத்தி சொன்ன பொய்யை இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் மாளவிகா குளித்துவிட்டு வந்தால், ஜாதகமும் அந்த ஃபோட்டோவும் ஒரே கவரில், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பூஜை அலமாரியில் பிள்ளையார் காலடியில் இருக்கின்றன. இப்போது சொன்னால் போதும். கவரைப் பிரித்து வேறு ஃபோட்டோ வைக்க ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் மஞ்சள் தடவி சுவாமி முன்னால் வைத்ததைத் திரும்ப எடுத்துப் பிரிக்கிறதாவது? அந்த வீட்டில் அது நடக்குமா? ஆரம்பமே அபசகுனம் என்று அம்மா ஒரு மூச்சு அழுது தீர்ப்பாள். சுவாமியிடமிருந்து எப்படிப் பிடுங்குவது என்று மாளவிகா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிள்ளையார் தலையில் பாரத்தைப் போட்டுவிட்டுக் காலேஜுக்குப் போய்விட்டாள். உள்ளே கிடந்த இன்னொரு காரணத்தை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. தன் கைவேலையை நாலு பேர் பார்க்கட்டுமே என்று ஒரு நப்பாசை. அதை நினைத்தால்தான் இப்போது அவளுக்கு உடம்பு கூசியது.

கே.கே. நகர்க்காரர்கள் ஃபோட்டோவைப் பார்த்த வேகத்தில் வந்துவிட்டார்கள். ஹம்சா பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வந்து நமஸ்காரம் பண்ணி நிமிர்ந்தாள். பையனின் அம்மா அவளைப் பார்த்தாள், கைப்பையைத் திறந்து எதையோ பார்த்தாள், மறுபடி ஹம்சாவைப் பார்த்தாள். "ஃபோட்டோல வேற மாதிரி இருந்தாளே" என்றாள், தணிந்த குரலில்தான். மரியாதைப்பட்ட மனுஷர்கள். காப்பியைக் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். சொல்லி அனுப்பவில்லை.

ஹம்சா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாளவிகா அன்றைக்கே கொட்டியிருப்பாள். அடுத்த வாரம் ஹம்சாவின் வகுப்புப் பையன் ஒருவன் கோயில் வாசலில் மாளவிகாவைப் பார்த்து, "அக்கா, மிஸ் இப்பல்லாம் இலங்கையை போர்டுலதான் போடறாங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான். மாளவிகா கோயிலுக்குள் போகாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் கால் விலை வந்தது. அதைக் கேட்டு அவளைவிட சந்தோஷப்பட்டவள் ஹம்சா. அத்தை பிள்ளை பிரணவ் அமெரிக்கா போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டர் கூடத்தில் ஏற்கெனவே இருந்தது. சொந்தமாக ஸாஃப்ட்வேர் இருந்தால் வீட்டிலிருந்தே வேலை தருகிறோம் என்று அடையாறில் ஒரு விளம்பரக் கம்பெனி சொல்லியிருந்தது. கூடப் படிக்கிற பெண்கள் காப்பி சீடி வாங்கிக்கொள்ளச் சொன்னதை மாளவிகா சொன்னபோது ஹம்சா முகம் சுளித்தாள்.

"திருட்டு சீடியெல்லாம் ஆத்துக்குள்ள வேண்டாம். தொழில்னு ஆரம்பிக்கறச்சே நேர்மையா ஆரம்பி. நான் தரேன்" என்றாள்.

நேர்மை என்ற வார்த்தை மாளவிகாவைச் சுருக்கென்று குத்தியது. யார் கன்னத்தைச் சுரண்டிப் பழகினாளோ, அவள் காசிலேயே அந்தக் கத்தியை வாங்குவதா? வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் வேண்டாம் என்று கேட்பாளே? வாங்கிவிட்டால் வேலை கிடைக்கும், வீட்டுச் சுமையில் பாதியை ஏற்றுக்கொள்ளலாம், அக்காவுக்குச் செய்ததற்கு அப்படியாவது ஈடு கட்டலாம். இப்படியும் நினைத்தாள், அப்படியும் நினைத்தாள். ஒரு வாரம் ஓடிப்போயிற்று.

சனிக்கிழமை ஹம்சா தானும் கூட வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். தி. நகரில் இறங்கி பனகல் பார்க் ஓரமாக நடக்கும்போது மாளவிகா நின்றுவிட்டாள்.

"அக்கா, எனக்கு அது வேண்டாம்."

"என்னடி திடீர்னு?"

"கே.கே. நகருக்குப் போன ஃபோட்டோ பாய் எடுத்தது இல்லை. எடுத்தது அவர்தான், ஆனா நான்தான் உன் கன்னத்தை அழிச்சேன். பழகறதுக்குன்னு பண்ணினேன். அம்மா எடுத்து வெச்சப்போ நான் வாயைத் திறக்கலை." நடைபாதையில் போகிறவர்கள் பார்க்க அழுதாள்.

ஹம்சா அவளைப் பார்க்கின் உள்ளே கூட்டிப்போய் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "அந்த மாமி பையைத் திறந்தப்போ நான் கிட்டத்துலதானே இருந்தேன். பார்த்துட்டேன். இப்படிப் பண்ணத் தெரிஞ்சவா நம்மாத்துல வேற யார் இருக்கா?"

"அப்போ ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது மாளவிகாவுக்கு. "அதான் சொல்றேன், எனக்கு அது வேண்டாம். நான் அதைத் தொடவே மாட்டேன்" என்றாள்.

"நீ தொடாம இருந்தா எனக்கு என்ன ஆயிடப் போறது? எழுந்திரு, கடையைச் சாத்திடப் போறா."

சென்டரில் ஃபாரூக் சார் இவர்களைப் பார்த்ததும், "இன்னாம்மா, கடைசி பொட்டி இது ஒண்ணுதான் கீது. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?" என்றார். ஹம்சா பணத்தை எடுத்து வைத்தாள். அவர் நிமிர்ந்து ஹம்சாவைப் பார்த்தார். ஃபோட்டோவில் பார்த்த முகம்தான் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். சட்டென்று குனிந்து ரசீது போட ஆரம்பித்தார். மாளவிகா அடையாள அட்டையை நீட்டினாள்.

திரும்பி வருகிற வழியில் ஹம்சா பெட்டியைத் தானே வைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாப்பில் கூட்டம் இல்லை. தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"மாலு, அடுத்த வாரம் அம்பத்தூர்லேர்ந்து ஒரு ஜாதகம் வரதாம். ஃபோட்டோல மறுவை முழுக்க எடுத்தா நேர்ல பாக்கறச்சே தெரிஞ்சுடறது. பாதி மட்டும் எடுக்க முடியுமோ?"

அந்த ஃபோட்டோவைப் பார்க்கும்வரைக்கும் இந்தக் கேள்வி அக்காவின் வாயில் வந்திருக்காது என்று மாளவிகாவுக்குத் தெரியும். ஹனீஃபா பாயிடம் வேண்டாம் என்று சொன்ன பெண் இவள்தானா? மாட்டேன் என்று சொல்ல நினைத்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

"முடியும்" என்றாள்.

"ரொம்ப அழகாவெல்லாம் வேண்டாம்" என்றாள் ஹம்சா. "கிட்டத்தட்ட என்னை மாதிரி இருந்தாப் போறும்."