புளித்த மாத்திரை

என் தம்பி பெண்டாட்டியை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு, ஒரு ஒழுங்கு. சுங்கை லாலாங்கில் தம்பி வீட்டோடு இருந்த அம்மாவின் மாத்திரைகளைக் கிழமைவாரியாக டப்பாவில் பிரித்து வைத்திருந்தாள். என்னவோ அம்மாவை இவள்தான் பெற்று வளர்த்த மாதிரி.

அம்மாவுக்கு நெஞ்சுவலி. இதயக் குழாயில் எங்கே அடைப்பு என்று சாயம் செலுத்திப் பார்க்க அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். சர்க்கரையால் அம்மாவுக்குக் கண்ணும் மங்கல், சிறுநீரகமும் பலவீனம். சாயம் அதை இன்னும் கெடுக்கலாம், கொழுப்பு மாத்திரை அதற்குக் கொஞ்சம் பாதுகாப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முந்தைய வாரம் அவளுக்கு ஷிப்ட் மாறியதால் பாக்கார் ஆராங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து நான் போய்த் தங்கினேன்.

"அக்கா, இந்த வெள்ளக் கொழுப்பு மாத்திரய மட்டும் ஒரு நாளும் விட்றாதீங்க லா. டாக்டரும் நர்ஸ் மிஸ்ஸியும் ரெண்டு வாட்டி சொல்லி அனுப்பிச்சாங்க."

எனக்கே பாடம் எடுக்கிறாள். பற்றிக்கொண்டு வந்தது.

கொழுப்பு மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும் என்று வாட்ஸாப்பில் ஒரு வீடியோ சுற்றியது. எங்கள் குடும்பக் குழுவில் அதைப் போட்டதே நான்தான். ஏழு வெள்ளை மாத்திரைகளையும் பொறுக்கிக் கழிப்பறையில் கொட்டினேன். அம்மா விரலால் தடவி எண்ணுவாள் என்பதால் அந்த இடத்தில் என் வைட்டமின் சி மாத்திரைகளைப் போட்டேன்.

அம்மா எதையும் கடித்துத்தான் தின்பாள். "இது புளிக்குதுடி" என்று சப்புக்கொட்டினாள்.

"நல்ல மருந்து அப்படித்தாம்மா" என்றேன். பெருமையாகக்கூட இருந்தது.

சாயம் போட்ட மூன்றாம் நாள் சிறுநீர் நின்றது. "மாத்திரை சாப்பிட்டும் சிலருக்கு இப்படி ஆகும்" என்றார் டாக்டர்.

வீட்டில் சொந்தக்காரர்கள் முன்னால் தம்பி அவளைக் கிழி கிழி என்று கிழித்தான். "அக்கா அப்பவே வீடியோ அனுப்பிச்சாங்கல்ல? அந்த மாத்திரயக் குடுத்துக் குடுத்தே எங்கம்மா கிட்னிய முடிச்சிட்ட!"

அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. டாக்டர் சொல்லித்தான குடுத்தோம்?"

நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். "எனக்கென்னம்மா தெரியும்? நீ பிரிச்சு வச்சத எடுத்துக் குடுத்தேன்."

அவள் அழுதாள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸ். காரில் ஏற்றிக்கொண்டு போவது, காத்திருப்பது, திரும்பக் கூட்டி வருவது எல்லாம் அவள்தான். ஆனால் அவள் கையால் அம்மா ஒரு வாய்த் தண்ணீர் வாங்குவதில்லை. மருந்து கொடுக்க நான் அங்கேயே வந்துவிட்டேன். அந்த ஏழு மாத்திரை உள்ளே போயிருந்தால் சிறுநீரகம் பிழைத்திருக்குமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாதாம். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் சோறு தின்கிறேன், தூங்குகிறேன்.

இதயத்துக்காக டாக்டர் இன்னும் அதே வெள்ளை மாத்திரையைத்தான் எழுதுகிறார். ஒரு நாள் விடாமல் கொடுக்கிறேன். நேற்று கடித்ததும் அம்மா முகத்தைச் சுளித்தாள்.

"கசக்குதுடி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் குடுத்தியே, புளிப்பா, அதுதாண்டி நல்ல மருந்து. இது அவ வாங்குனதா?"

கார் சாவியோடு வாசலில் நின்றிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்மா, அவ வாங்குனதுதான்" என்றேன்.