கட்டிக்கொண்ட கை

எழுபதுகளின் கடைசியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை பார்த்தேன். மலாய் வாய்மொழித் தேர்வில் தேறினால்தான் வேலை நிரந்தரம். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதும் போனால் ரப்பர் தோட்டத்துக்கே திரும்பி, பால்மரம் சீவ வேண்டியதுதான்.

சனிக்கிழமைகளில் விடிகாலை முதல் நனைந்த படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு, மதியம் பத்து காஜா டவுனில் பஸ் ஏறி ஈப்போவில் இருந்த வகுப்புக்குப் போவேன். ஒவ்வொருவராக முன்னே போய் நின்று மூன்று நிமிஷம் பேச வேண்டும். எனக்கோ இடுப்பு விட்டுப்போயிருக்கும். உட்கார்ந்து பேசினால் மலாய் வராதா என்ன?

மனப்பாடம் பண்ணியதைத் தப்பில்லாமல்தான் ஒப்பிப்பேன். ஆனாலும் மலாய்க்கார வாத்தியாரின் முகம் கடுகடுவென்று இருக்கும். மற்றவர்களிடம் சிரிப்பவர், என்னிடம் மட்டும் "போய் உட்கார்" என்பார். எனக்கும் எரிச்சல். நான் என்ன பாவம் செய்தேன்?

என்னோடு வேலை பார்த்து, அதே வகுப்பில் படித்த அக்காதான் ஒருநாள் பஸ்ஸில் போட்டு உடைத்தார்.

"நீ ஏன்டி அவரு முன்னால கையக் கட்டிக்கிட்டு நிக்கிற? திமிரு புடிச்சவன்னு நெனைக்கிறாருலா."

"மரியாதைக்குத்தானக்கா கட்டுறேன்!"

"அதெல்லாம் தோட்டத்துல, தொரைகிட்ட. இங்க கையக் கீழ விடு. வலது கைய எடது கை மேல வெச்சுக்க. அவ்ளோதான்லா."

அவ்வளவுதானாம்! துரை வந்தாலும் கணக்கெழுதும் கிராணி கூப்பிட்டாலும் நெஞ்சோடு கை கட்டி, தலை குனிந்து நின்று வளர்ந்தவள் நான். கட்ட மறந்தால் அப்பா முதுகில் ஒன்று வைப்பார். அந்தக் கையைக் கீழே இறக்கினால் பாடமெல்லாம் மறந்துபோனது. வாரக்கணக்கில் பழகிப் பழகிச் சலித்துப்போனேன்.

தேர்வன்று முன்பின் தெரியாத அதிகாரி ஒருவர் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தார். அக்கா சொன்னபடி கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். நாலாவது வாக்கியத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு எப்படியோ வாய் திறந்து, கடகடவென்று முடித்தேன். அப்பாடா என்று குனிந்து பார்த்தால், இரண்டு கையும் நெஞ்சோடு கட்டிக் கிடக்கிறது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "என் மேல் கோபமா?" என்று மலாயில் கேட்டார்.

போச்சு, மூன்றாவதும் போச்சு. அழக்கூடத் தெம்பில்லை. பாடத்தில் இல்லாத மலாய் அப்போதுதான் வாயில் வந்தது.

"கோபமில்லை ஐயா. எங்களுக்கு இதுதான் மரியாதை. பயம் வந்தால் கை தானாகக் கட்டிக்கொள்கிறது."

"என்னைப் பார்த்தா பயம்?"

"எல்லாரையும் பார்த்து, ஐயா."

கீழே வைத்த பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு, தேறியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே காத்திருந்த அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். எனக்குக் குதிக்கத் தோன்றவில்லை, எங்காவது படுத்தால் போதும் என்றிருந்தது. எனக்குப் பயம் என்பதை நான் அதுவரை தமிழில்கூட யாரிடமும் சொன்னதில்லை.