பன்னிரண்டாம் மாடியில் வாய்க்கால்

வெள்ளவத்தை வாய்க்காலோரக் குடிசைகளை அகற்றிய அரசாங்கம், அந்த முதியவருக்குக் கொட்டாஞ்சேனையில் பன்னிரண்டாம் மாடியில் வீடு கொடுத்திருந்தது. மெலிந்த மனிதர், பேசும்போதும் கண் தரையிலேயே இருக்கும். அந்தக் குடியேற்றத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதலாமென்று நான் போயிருந்த அன்று மழை பிடித்தது. உடனே அவர் அரிசி வாளியையும் அரசாங்கம் வீடு கொடுத்த கடிதத்தையும் அலுமாரிக்கு மேல் ஏற்றினார்.

"வாய்க்கால் லிஃப்டிலயா ஐயா வரும்?" என்றேன், என் பகிடியை நானே ரசித்தபடி.

"பழைய வீட்டுப் பதிவுத் துண்டு வெள்ளத்தில போனது, தம்பி. அது இல்லாததால ஆறு வருசம் அலைய விட்டாங்கள். இப்ப இந்தக் கடிதம் மட்டும்தான் இருக்கு."

ஐம்பது தாண்டியும் தம்பியானதில் எனக்குள் ஒரு குளிர்ச்சி. "இவ்வளவு உயரத்துக்குத் தண்ணி ஏறாது, ஐயா."

"போன மழைக்கு வந்தது" என்று சுவரைக் காட்டினார். முழங்கால் உயரத்தில், நான்கு சுவரிலும் ஒரே மட்டமாகச் சேற்றுக் கோடு. தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது.

வெளியே மழை வலுத்தது. நான் இரண்டு கால்களையும் கதிரைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டேன்.