ஆர்ச் பொருத்திய அன்று பறந்த பொறி

செம்பூரில் எங்கள் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே ரெடிமேட் ஆர்ச் பொருத்த, தாராவியிலிருந்து ஆள் வந்தார். "எம்மா, சுவத்துக்குள்ள ஒயர் எதுவும் போகுதா?" என்று கேட்டார். "முப்பது வருஷமா இருக்கேன், எனக்குத் தெரியாதா!" என்றேன்.

டிரில்லை அழுத்தியதும் பொறி பறந்தது. நல்லவேளை, மெயின் டிரிப் ஆகி அவர் தப்பினார்.

அப்போதுதான் நினைவு வந்தது. சமையலறையில் இருந்த ஒரே பிளக்கில் மிக்ஸி போடும்போதெல்லாம் ரேடியோவைக் கழற்ற வேண்டியிருக்கிறதே என்று, குடிவந்த புதிதில் கணவரிடம் சண்டை போட்டேன். மறுநாளே அவர் ஹாலிலிருந்து இந்தச் சுவருக்குள் ஒயர் இழுத்து, ரேடியோவுக்குத் தனி பிளக் வைத்துக்கொடுத்தார். அவர் காலமான பின் நான் ரேடியோவே போடவில்லை, ஒயரையும் மறந்துவிட்டேன்.

இப்போது ஓர் ஆணி அடிப்பதென்றாலும் முதலில் மெயினை அணைக்கிறேன். அந்த ஒயரை மாற்றி, ரேடியோவையும் மாட்டிவிட்டேன். மிக்ஸி ஓடும்போதும் அது பாடுகிறது. சண்டை போடத்தான் ஆள் இல்லை.