நெஞ்சுக்கு நேரே பிடித்த பை

துபாயில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் உதவி வேலைகளைப் பல வருடங்களாக நான்தான் கவனித்தேன். ஒருமுறை ஆபீஸ் நண்பரின் மகள் தாலியா, தன் யூதத் தோழர்கள் ஒன்பது பேரோடு வந்தாள். தங்கள் மத வழக்கப்படி நடக்கும் பதின்மூன்று வயதுச் சடங்கில் கிடைத்த பரிசுப் பணத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, யாருக்கு உதவுவது என்று வாரக்கணக்கில் விவாதித்து, லீவில் ஊருக்குப் போகும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பைகள் வாங்கியிருந்தார்கள்.

தொழிலாளர் கேம்ப் வாசலில் பிள்ளைகள் ஒருவரும் எங்கள் வேனை விட்டு இறங்கவில்லை. பணக்காரப் பிள்ளைகளுக்கு வெயில் ஆகாது போல என்று எனக்கு எரிச்சல். நானே இறங்கி, தூத்துக்குடிப் பக்கத்து வெல்டர் அருளிடம் முதல் பையைக் கொடுத்தேன். நான் சொல்லாமலே அவர் சட்டையை இழுத்துவிட்டு, பையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சிரித்தார். நான் போனை எடுத்தேன்.

தாலியா வேன் ஜன்னலைத் திறந்தாள். "அங்கிள், போட்டோ வேண்டாம். கொடுத்தது யாருன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாம், வாங்கினது யாருன்னு எங்களுக்கும் வேண்டாம். எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு."

அருள் தயங்கி என்னருகே வந்தார். "அப்போ படம் எங்கேயும் வராதா சார்?"

"வராது."

"அப்படின்னா நானே வாங்கினேன்னு மககிட்டச் சொல்லிக்கலாம்ல?"

அதற்கு முந்தின வருடம் நாங்கள் கொடுத்த மளிகைப் பையோடு அவர் நின்ற படம் எங்கள் சங்கத்தின் இணையப் பக்கத்தில் இருந்தது. "முகம் தெரியணும், சிரிங்க" என்று சொல்லி எடுத்தவன் நான். அங்கேயே நின்று அதை அழித்தேன். அவர் மகள் அதைப் பார்த்துவிட்டாளா என்று கேட்க மட்டும் இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.