கேட்காமல் எடுத்த மண்

அந்த இடத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த நீண்ட வார இறுதிக்கே செம்பும் கையுமாக யாராவது கிளம்பிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், புரோக்கன் ஹில் என்ற சுரங்க ஊருக்குத் தெற்கே, எந்தக் காலத்திலோ தண்ணீர் வற்றிப்போன ஓர் ஏரி என்பது உங்களுக்குப் போதும். ஏரிக்கரையில் பிறை வடிவில் ஒரு மணல்மேடு நீண்டு கிடக்கிறது. நம்முடைய கோயில்களில் ஒன்றுகூட எழும்பாத காலத்தில் அந்த மேட்டுக்குள் மனிதர்களைப் புதைத்திருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது கிருபானந்தனைப் பற்றி. சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. அவன் முதலில் அங்கே பிட்டும் சம்பலும் வாங்க வந்தவன், பிறகு தம்பி மாதிரி ஆகிவிட்டான். என் பெயர் கனகேஸ்வரி. அவனுக்குக் கனகக்கா.

இலங்கையில், வன்னிப் பக்கம், வட்டக்கச்சிக்காரன். போர் முடிந்து முகாமிலிருந்து வெளியே விட்டபிறகும் அங்கே நிம்மதியாக இருக்க விடாததால் படகேறி வந்தான். இங்கே தடுப்பு முகாம், பிறகு செவன் ஹில்ஸில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை, பிறகு பெரிய வண்டி ஓட்டும் லைசென்ஸ், பிறகு சிறி என்பவரின் பஸ் கம்பெனி. இத்தனை வருடம் ஆகியும் அவன் கையில் இருப்பது தற்காலிக விசாதான். வரியை மட்டும் நிரந்தரமாக வாங்கிக்கொள்கிறார்கள். ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது என்பதால் பெற்ற தாயின் செத்தவீட்டைக்கூட ஃபோனில்தான் பார்த்தான். என் கடையின் பின்பக்கம், குசினியில், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தான். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை, ஒரு சட்டியைப் போட்டு உடைத்தேன்.

சிறியின் கம்பெனி தமிழ் ஆட்களுக்கென்று பாலைவனச் சுற்றுலா நடத்தியது. பண்பாடும் வனவிலங்கும் என்று விளம்பரத்தில் போடுவார்கள். ஓட்டுவது கிருபா, சாப்பாடு நான். புரோக்கன் ஹில்லில் பழைய சுரங்கமும், அந்தக்காலத்தில் ஒட்டகத்தில் சுமை ஏற்ற வந்த ஆப்கான்காரர்கள் தகரத்தால் கட்டிய சின்னப் பள்ளிவாசலும் பார்ப்பார்கள். பிறகு கங்காரு, ஈமு, கழுகு. கடைசியாக அந்த ஏரி.

ஏரியைச் சேர்த்தது கிருபாதான். வேறொரு கூட்டத்துக்குப் பதில் டிரைவராக ஒருமுறை போனபோது அங்கே வழிகாட்டியாக இருக்கும் அன்ரி மேவிஸைச் சந்தித்திருக்கிறான். அந்த மண்ணின் ஆதிக்குடிப் பெண். அவர்களிலும் மூத்தவர்கள் எல்லோரும் அன்ரி, அங்கிள்தான். அவர் உடனே சம்மதிக்கவில்லை. அவருடைய ஆட்களின் எலும்புகளை ஒருகாலத்தில் படித்தவர்கள் தோண்டி, பெட்டியில் போட்டு, நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பதற்குள், கேட்டுப் போராடிய பாதிப்பேர் செத்துவிட்டார்கள். பலகைப் பாதையை விட்டு ஒருவரும் இறங்கக் கூடாது, ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது, அதற்கு நீ பொறுப்பு என்று கிருபாவிடம் சொல்லித்தான் எங்கள் பஸ்ஸை விட்டார். நான் பொறுப்பு என்று இவனும் வாக்குக் கொடுத்தான்.

ஒவ்வொரு பயணத்திலும், ஆட்கள் நடந்து முடித்து என்னிடம் தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்தில், அவன் வேலிக்கு வெளியே நிற்கும் ஒற்றை மரத்தடியில் போய் மணல்மேட்டைப் பார்த்தபடி இருப்பான். அதையும் அவன் மேவிஸிடம் கேட்டுத்தான் செய்தான். அங்கே என்ன செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். அக்காவோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னான். துவாரகா என்ற அவனுடைய அக்கா போரின் கடைசி மாதங்களில் செத்துப்போனது எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவன் வாய் திறக்கமாட்டான், நானும் கிண்டவில்லை. இலங்கையில் போய் நிற்க முடியாதவன் இங்கே ஓர் இடம் கண்டுபிடித்துவிட்டான் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் ஒரு மூத்தோர் சங்கத்தைக் கூட்டிக்கொண்டு போனோம். தலைவர் ராகவேந்திரா. கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். சிட்னியைத் தாண்டி நீலமலை ஏறும்போதே இட்லிக்குச் சட்னி காணாது என்றார்கள், டப்போவில் காப்பிக்குச் சீனி காணாது என்றார்கள். பாலைவனத்துக்கு வந்து வெயில் கூடிப்போய்விட்டது என்று டிரைவரிடம் முறையிட்டார்கள். விலங்குகளுக்குத் தீனி போட வேண்டாம் என்று கிருபா மைக்கில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான். ஆனாலும் ஒருவர் ஈமுவுக்கு முறுக்கு எறிந்தார். ஈமு அதை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதற்கு இருந்த அறிவு.

அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரே மனிதர் கல்யாணசுந்தரம். மதுரைப் பக்கம், ஓய்வுபெற்ற என்ஜினியர். நான் கேட்காமலே சோற்றுப்பானைக்கு ஒரு கை கொடுப்பார். மேவிஸ் எலும்புப் பெட்டிகளின் கதையைச் சொன்னபோது மற்றவர்கள் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டுப் படம் எடுத்தார்கள். இவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். கண் கலங்கியிருந்தது. திரும்பி நடக்கும்போது கால் வலிக்கிறது, மெதுவாக வருகிறேன் என்று பின்தங்கினார். நான்தான் அவருக்கென்று தேத்தண்ணீரைச் சூடாக மூடி வைத்தேன்.

பகலில் புறப்பட்டு, சிட்னிக்குத் திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் பஸ் நின்றது. எல்லோரும் கழிப்பறைக்கு ஓடினார்கள். கல்யாணசுந்தரம் மட்டும் மடியில் மஞ்சள் துணி சுற்றிய செம்பை வைத்துக்கொண்டு நெளிந்துகொண்டிருந்தார். பிறகு பொறுக்க முடியாமல் என்னிடம் வந்தார்.

"அம்மா, இதைக் கொஞ்சம் கையில பிடிச்சுக்கிறீங்களா? கீழ மட்டும் வச்சிடாதீங்க."

செம்பு கனத்தது. உள்ளே என்ன என்று கேட்டேன். ஒளிக்கவேயில்லை அந்த மனிதர், முகமெல்லாம் பெருமையாகச் சொன்னார். பிடிமண். குவேக்கர்ஸ் ஹில்லில் மகன் வீடு கட்டுகிறான், அடுத்த வாரம் அஸ்திவாரம். உலகத்திலேயே பழைய முன்னோர்களின் மண் அது, அதை வைத்துப் பூசை செய்து வீட்டை எழுப்பினால் அவர்கள் குலதெய்வம்போல் கூட இருந்து காப்பார்கள். வழியில் தரையில் வைத்தால் சாமி அங்கேயே தங்கிவிடும், அதனால்தான் ஏரியிலிருந்து இதுவரை மடியை விட்டு இறக்கவில்லை என்றார். சொல்லிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினார்.

நான் அந்தச் செம்போடு நின்றேன். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, செம்பைக் கீழே வைக்கவும் பயமாக இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. நேரே கிருபாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவன் சத்தம் போடவில்லை. கல்யாணசுந்தரம் வரும்வரை நின்றான். அவர் வந்ததும், நான் திருடவில்லை, பக்தியோடுதான் எடுத்தேன் என்று அவராகவே தொடங்கினார். அவருடைய தாத்தாவும் இப்படித்தான் மூலக் கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுவந்து ஊரில் கோயில் எழுப்பினாராம். அந்த மண்ணைத் தாத்தா எப்படி எடுத்தார் என்று கிருபா கேட்டான். எடுப்பதாவது, உத்தரவு கேட்டு, பூசாரி தன் கையால் அள்ளிக் கொடுக்க வேண்டும், அதுதான் முறை என்றார்.

"இஞ்ச உங்களுக்கு ஆர் ஐயா அள்ளித் தந்தது?"

கல்யாணசுந்தரம் என் கையிலிருந்து செம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸைத் திருப்பப் போவதாகக் கிருபா சொன்னதும் கூட்டம் கொதித்தது. திரும்பிப் போனால் அன்றைக்குச் சிட்னி போய்ச் சேர முடியாது. டிரைவர் ஓய்வில்லாமல் ஓட்டச் சட்டம் விடாது, வழியில் தங்க வேண்டும். ஒருவருக்கு மறுநாள் டாக்டர், ஒருவருக்குப் பேத்தியின் நடனம். ராகவேந்திரா முன்னால் வந்து, ஒரு கைப்பிடி மண்ணைத் தபாலில் போட்டால் போகிறது, இல்லையென்றால் இங்கேயே கொட்டு, பாலைவனத்தில் மண்ணுக்கா பஞ்சம் என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். சிறிக்கு ஃபோன் போட்டு உன் வேலையைப் பறிக்கிறேன் என்றும் சொன்னார். நான் அவரைக் கிழிகிழியென்று கிழிக்கத் தயாராக இருந்தேன். கிருபா கையைக் காட்டி என்னை நிறுத்தினான்.

"ஐயா, எங்கட அக்காவைப் புதைச்ச இடத்தை, சண்டை முடிஞ்ச பிறகு, மிசினால கிண்டி, அந்த மண்ணை லொறியில ஏத்திக்கொண்டு போய் றோட்டுக்குப் போட்டவங்கள். ஆரிட்டையும் கேக்கேல்லை. நான் அந்த றோட்டால கன நாள் நடந்து வேலைக்குப் போனனான். பிறகுதான் எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டுப் போய் டிரைவர் கதிரையில் இருந்தான். இத்தனை வருடம் எனக்குச் சொல்லாததை அந்த முறுக்குக் கூட்டத்துக்குச் சொல்ல வைத்துவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பஸ் திரும்பியது. ராகவேந்திரா மட்டும் வழியெல்லாம் யாருக்கோ ஃபோன் போட்டுக்கொண்டிருந்தார், ஆனால் அந்தப் பாதையில் சிக்னல் கிடையாது. அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஆறுதல்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேவிஸ் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார். கல்யாணசுந்தரம் தானே இறங்கி, இரண்டு கையாலும் செம்பை நீட்டி, நடந்ததைச் சொன்னார். அதை நான் மறுக்கமாட்டேன், ஒளிந்து நிற்கவில்லை அவர். மேவிஸ் ஒன்றை மட்டும் கேட்டார். எந்த இடத்தில் எடுத்தாய், காட்டு.

மேட்டின் ஓரமெல்லாம் ஒரே மாதிரிப் புதர்கள். ஒரு புதரடியில் என்றார் கல்யாணசுந்தரம். இதுவா என்றால் இதுவாக இருக்கலாம், அதுவா என்றால் அதுவாகவும் இருக்கலாம். பலகைப் பாதையில் முன்னும் பின்னும் நடந்தார். கடைசியில் நின்று, தெரியவில்லை என்று சொல்லி அழுதார். பெரிய மனிதர் அழுவதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. எடுத்த இடம் தெரியாத மண்ணை எங்கே கொண்டுபோய்த் திருப்பி வைப்பது?

மேவிஸ் செம்பை வாங்கிக்கொண்டு தனியாக மேட்டுப் பக்கம் போனார். வெகுநேரம் கழித்து வந்து, வெறும் செம்பைக் கல்யாணசுந்தரத்திடம் கொடுத்தார். பிறகு கிருபாவிடம், இனி உங்கள் பஸ் இங்கே வர வேண்டாம் என்றார். திரும்பி வந்ததற்கு ஒரு நன்றி இல்லை. எனக்குச் சுரீர் என்றது. இவன் வேலையைப் பணயம் வைத்தல்லவா வந்திருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். கிருபா வேண்டாம் என்று தலையாட்டினான். அவர் சொல்வது சரி, பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தவன் நான்தானே என்றான்.

பிறகு, தான் தனியாக வந்து மரத்தடியில் இருக்கலாமா என்று கேட்டான். அதை நான் மட்டும் சொல்ல முடியாது, எங்கள் ஆட்களில் மற்ற மூத்தவர்களையும் கேட்க வேண்டும் என்றார் மேவிஸ். இவன் சரி என்றான்.

சிட்னிக்கு வந்ததும் ராகவேந்திரா முறைப்பாடு எழுதினார். சங்கத்தின் வாட்ஸ்அப்பில் டிரைவருக்கு மூளை சரியில்லை என்று போட்டார்கள். கல்யாணசுந்தரம் தான்தான் காரணம் என்று எழுதினார், அதைப் படிக்க ஒருவருக்கும் நேரமில்லை. சிறி கெட்டவர் இல்லை, ஆனால் வியாபாரி. கிருபாவைச் சுற்றுலாவிலிருந்து எடுத்து, ரயில் ஓடாத நாட்களில் ரயிலுக்குப் பதில் ஓடும் பஸ்ஸில் போட்டார். பாலைவனத்துக்கு இப்போது வேறு டிரைவர், வேறு ஏரி. சாப்பாடும் வேறு ஆள், ஏனென்றால் நான் சிறியிடம் போய் நன்றாகக் கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இந்த வருடம் துவாரகாவின் திவசத்தன்று கிருபா பரமட்டாவுக்கும் பிளாக்டவுனுக்கும் இடையே பஸ் ஓட்டினான். இடைவேளையில் கடைக்கு வந்தான். மரக்கறிச் சாப்பாடு போட்டுக் கொடுத்தேன். மேவிஸுக்கு ஃபோன் பண்ணினாயா என்று கேட்டேன். பண்ணினானாம். மற்றவர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம், பிறகு கேட்கிறேன் என்று வைத்துவிட்டானாம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வருடமாக ஒரு மரத்தடிக்கு உத்தரவு கேட்டுக்கொண்டிருக்கிறான். அது வேலிக்கு வெளியே நிற்கிற மரம். அந்தப் பாதைக்குக் கேற்றும் இல்லை, காவலும் இல்லை. காரை எடுத்துக்கொண்டு போய், இருந்துவிட்டு வாவன், ஆருக்கடா தெரியப் போகுது என்று கத்தினேன்.

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"ஓம் அக்கா, ஒருத்தருக்கும் தெரியாது. றோட்டுப் போட்டவங்களும் அப்பிடித்தான் நினைச்சவங்கள்."