நாற்பத்தைந்துக்கு முப்பத்து நான்கு

மதிப்பெண் பட்டியலை நீட்டினால் பாலுசாமி பெயரைப் பார்ப்பதில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கட்டை விரலால் மொத்தத்தை மறைத்துக்கொண்டு, கணக்கில் எவ்வளவு, இயற்பியலில் எவ்வளவு, வேதியியலில் எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறார். உதடு அசையாது. விரல் அசையாது. மனசுக்குள் கூட்டி வகுத்து முடித்த பிறகுதான் கட்டை விரல் நகரும். பக்கத்தில் நிற்கிற அப்பா மூச்சை விடுவது அதற்குப் பிறகுதான்.

மே கடைசியில் ப்ளஸ் டூ முடிவுகள் வந்ததிலிருந்து கவுன்சலிங் முடியும்வரை, பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டிய பேக்கரி ஒன்றில், மாலை ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை இது நடக்கும். அவர் ஆசிரியர் அல்ல. அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கிற மேல்நிலைப் பள்ளியில் எழுத்தர். முப்பத்து மூன்று வருஷமாக டி.சி. எழுதுகிறார், ஜாதகத்தில் இல்லாத பிறந்த தேதிகளைப் பதிவேட்டில் ஏற்றுகிறார், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை டி.வி.எஸ். ஃபிப்டியில் கல்வி அலுவலகத்துக்குப் போய் வருகிறார். நல்ல மார்க் எது என்று சொல்லச் சொல்லி அவரை யாரும் நியமிக்கவில்லை. அவராகவும் கேட்டு வாங்கவில்லை. அந்த வட்டாரத்தில் அவர் சொன்னால்தான் அது நல்ல மார்க்.

அவருடைய தீர்ப்புகள் மொத்தம் ஐந்து. ஆயிரத்து நூறைத் தாண்டினால், "ரொம்பச் சந்தோசமுங்க." ஆயிரத்துக்கு மேல் என்றால், "நல்லா இருக்குதுங்க." எண்ணூறுக்கு மேல், "பரவால்லீங்க." அதற்குக் கீழே தேறியவர்களுக்கு, "பாஸ் பாஸ்தானுங்களே." தேறாத பட்டியலை நான்காக மடித்து அப்பாவின் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்து, "ஒரு டீ சாப்புடுங்க" என்பார். இதனால் அந்த இரண்டு மாதமும் ஊரில் யாரும் அவர் வாங்கித் தரும் டீயைக் குடிப்பதில்லை. ஒரு வருஷம் புதிதாக மாற்றலாகி வந்த போஸ்ட் மாஸ்டரை மரியாதைக்காகக் கூப்பிட்டு டீ சொல்லிவிட்டார். போஸ்ட் மாஸ்டரின் மகள் ஆயிரத்து நாற்பது வாங்கியவள். ஆனாலும் அவர் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மனிதர்களை அவர் மார்க்கை வைத்தே ஞாபகம் வைத்திருக்கிறார். "நம்ம எண்ணூத்தி நாப்பது ஊட்டுல நாளைக்குக் கல்யாணமுங்க" என்று சொன்னால் மனைவி சின்னாத்தாள் எந்த வீடு என்று கேட்டுக்கொண்டு புடவை எடுத்து வைப்பார். காந்திபுரம் பஸ்ஸில் வரும் கண்டக்டர் அறுநூற்றுப் பதினான்கு. ஒரு துக்க வீட்டில், பாடையைத் தூக்கும் நேரத்தில், "பாவம், எழுநூத்தி எம்பத்தாறு. நல்ல கையெழுத்து" என்று சொன்னதைச் சின்னாத்தாள் இன்னும் மன்னிக்கவில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஜூலையில், கூட்டமெல்லாம் ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை, பம்ப்செட் பட்டறை முதலாளி வெங்கடபதி பேக்கரிக்கு வந்தார். கையில் ஃபேக்ஸ் காகிதம். வைத்த இடத்தில் நிற்காமல் சுருண்டது. ஒரு முனையில் சர்க்கரை டப்பாவையும் மறுமுனையில் டீ கிளாஸையும் வைத்து விரித்தார்.

வெங்கடபதியின் ஒரே மகள் நீரஜா. பம்புக்கு ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, அவளைக் கொடைக்கானலில் ஒரு பள்ளியில் சேர்த்திருந்தார். அங்கே ப்ளஸ் டூ கிடையாது. அதற்குப் பதிலாக டிப்ளமோ என்று ஒன்று. பாலிடெக்னிக் டிப்ளமோ அல்ல, பள்ளிக்கூடத்திலேயே தருகிற டிப்ளமோ. கேள்வித்தாள் வெளிநாட்டிலிருந்து வரும், விடைத்தாள் வெளிநாட்டுக்குப் போகும். முடிவு மட்டும் இப்போதுதான் வந்திருந்தது.

"கிளார்க் சார், இதைக் கொஞ்சம் பாருங்க."

பாலுசாமி கண்ணாடியை ஏற்றினார். கட்டை விரல் மொத்தத்தைத் தேடிப் போனது. அங்கே 34 என்று இருந்தது.

"எத்தனைக்குங்க மொதலாளி?"

"நாப்பத்தஞ்சுக்காமுங்க."

"ஒவ்வொரு பாடமுமுங்களா?"

"இல்லீங்க, மொத்தமே அவ்வளவுதானாமா." வெங்கடபதி குரலைத் தாழ்த்தினார். "முப்பத்தஞ்சுக்கு ஒண்ணு கொறையுதுங்களே. பெயிலுங்களா?"

பாடங்கள் ஆறு. ஒவ்வொன்றும் ஏழுக்கு. ஐந்து, ஆறு, ஆறு, ஐந்து, ஆறு, ஐந்து. ஏதோ ஒரு கட்டுரைக்காக, மூன்றுக்கு, இன்னும் ஒன்று. ஏழுக்கு நடத்துகிற பரீட்சையைப் பாலுசாமி அதுவரை பார்த்ததில்லை. மனசுக்குள் ஆயிரத்து இருநூறுக்கு மாற்றிப் பார்த்தார். தொள்ளாயிரத்து ஆறு வந்தது. தொள்ளாயிரத்து ஆறுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது தெரிந்ததுதான். வாய் திறந்தது. அப்படியே மூடிக்கொண்டது.

"திங்கக்கெழமை சொல்றனுங்க" என்றார்.

அவர் தவணை கேட்டது பேக்கரியில் அதுவே முதல் தடவை. டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

வெங்கடபதிக்கு அந்தத் திங்கட்கிழமை சாதாரணமானது அல்ல. அவர் மனைவி பங்காரம்மாவின் அண்ணன் லட்சுமிநாராயணனுக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பும் ஒரு மகனும் இருந்தார்கள். இரண்டு வருஷமாகக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. உறவுக்காரர்கள் கூடியிருந்த ஒரு வீட்டில் வெங்கடபதி வாயைக் கொடுத்துவிட்டார்: "மார்க்கு நல்லா வந்தா புள்ள படிக்கட்டும். இல்லீன்னா ஆவணியில முடிச்சுபோடலாம்." நல்லா என்றால் எவ்வளவு என்று லட்சுமிநாராயணன் கேட்டார். அவர் வியாபாரி. எதையும் அப்படியே விடமாட்டார். வெங்கடபதிக்கு எண் தெரியவில்லை. "எங்கூர்ல கிளார்க் சார் இருக்கறாருங்க. அவரு சொன்னாச் சரி" என்றார். இது பாலுசாமிக்கும் தெரியும்.

சனிக்கிழமை பாலுசாமி கோயமுத்தூருக்கு வண்டியை விட்டார். கல்லூரி அலுவலகம் ஒன்றில் தெரிந்த எழுத்தர் இருந்தார். அவர் ஃபேக்ஸின் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எந்த போர்டுங்க? எங்களுக்கு சர்க்குலர் ஒண்ணும் வரலீங்களே" என்றார். இன்னொரு இடத்தில், நாற்பத்தைந்து என்பதே அச்சுப்பிழையாக இருக்கும் என்றார்கள்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நீரஜாவே பள்ளி அலுவலகத்துக்கு வந்தாள். தனியாக. கையில் தடிமனான ஆங்கிலப் புத்தகம்.

"அங்கிள், நீங்க இதைப் பர்சண்டேஜா மாத்தக்கூடாது."

"மாத்தாம எப்படிங்கம்மிணி வெளங்கும்?"

"ஏழுங்கறது ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் கெடைக்கும். இருபத்தி நாலு வந்தா டிப்ளமோ குடுத்துருவாங்க. எல்லா நாட்டுலயும் எழுதறாங்க. சராசரியே முப்பது கிட்டத்தான் வரும்."

"அது புஸ்தகத்துல இருக்குதுங்களா?"

"இருபத்தி நாலு இருக்குது. சராசரி எங்க மிஸ் சொன்னாங்க."

"மிஸ் சொன்னதெல்லாம் ரெக்கார்டு ஆகாதுங்க கண்ணு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய பக்கத்தில் சுவரில் ஒரு தகரப் பலகை இருந்தது. ப்ளஸ் டூவுக்கு முதல் பரீட்சை நடந்த எண்பதாம் வருஷத்திலிருந்து பள்ளியில் முதலாவதாக வந்தவர்களின் பெயர்களைப் பாலுசாமி தன் கையாலேயே வெள்ளைப் பெயிண்டில் எழுதி வந்த பலகை. அவள் மேலிருந்து படித்தாள்.

"யாரு அங்கிள் இந்தத் தம்பிதுரை? எண்ணூத்தி எழுவத்தொண்ணு?"

பாலுசாமியின் முகம் சற்று மலர்ந்தது. "மொத பேட்ச்சுங்க. சுத்து வட்டாரத்துல எங்கயும் அந்த மார்க்கு இல்லீங்க. மாலை போட்டு ஜீப்புல கூட்டிட்டுப் போனம். இப்ப ஈரோட்டுல பெரிய டாக்டரு."

"இந்த வருசம் எண்ணூத்தி எழுவத்தொண்ணுக்கு மேல எத்தனை பேரு?"

அவர் பதிவேட்டைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. "அம்பத்திரண்டு."

"அதே எண்ணூத்தி எழுவத்தொண்ணு யாராச்சும் வாங்கியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"பரவால்லீங்கன்னு."

"தம்பிதுரைக்கும் அதையேவா சொன்னீங்க?"

மூன்றாவது பாடவேளை மணி அடித்தது. பியூன் நசுருதீன் உள்ளே வந்து வருகைப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு போனார். பாலுசாமி பேனாவின் மூடியைத் திருகி மூடினார். பிறகு மறுபடி திறந்தார். வெள்ளைத் தாள் ஒன்றை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"உங்க செட்டுல எத்தனை பேரு எழுதுனாங்க?"

"நாப்பத்தொம்பது."

"டிப்ளமோ கெடைக்காதவிய?"

"பதினொண்ணு."

"உங்களுக்கு மேல?"

"எட்டு."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "மார்க்கைப் பாத்ததும் நீங்க என்ன செஞ்சீங்க?"

"அழுதேன். பிசிக்ஸ்ல ஆறு வருமுன்னு இருந்தேன். அஞ்சுதான் வந்துச்சு."

"என்ன படிக்கோணுமுன்னு இருக்கறீங்க?"

"பிசிக்ஸ்."

அதையும் எழுதினார்.

சாயங்காலம் பேக்கரியில் வெங்கடபதியோடு லட்சுமிநாராயணனும் உட்கார்ந்திருந்தார். காலை பஸ்ஸுக்கே வந்துவிட்டாராம். மேஜையில் அவர் கொண்டுவந்திருந்த இளநீர்க் குலை ஒன்று கிடந்தது. பாலுசாமி வண்டியை ஸ்டாண்டு போட்டார். வழக்கமான நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"ரொம்பச் சந்தோசமுங்க."

வெங்கடபதி மூச்சை விட்டது ரோட்டில் போன லாரிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"முப்பத்தி நாலுக்குங்களா?" என்றார் லட்சுமிநாராயணன்.

"ஆமாங்க."

"நாப்பத்தஞ்சுக்கு முப்பத்தி நாலுன்னா முக்காவாசி. எங்க பையன் எழுநூத்தி இருவது வாங்குனானுங்களே, நாங்க சந்தோசமுன்னு யாருகிட்டயும் சொல்லலீங்க."

"பாஸ் பாஸ்தானுங்களே" என்றார் பாலுசாமி.

டீ மாஸ்டர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். லட்சுமிநாராயணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நல்ல மனிதர். சொன்ன சொல் என்றால் அவருக்கும் சொன்ன சொல்தான். குலையை அங்கேயே விட்டுவிட்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தார்.

இதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. பெங்களூரில் நீரஜா கேட்டிருந்த கல்லூரி, இந்த மதிப்பெண்ணைத் தங்கள் பட்டியலில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை என எழுதியது. வெங்கடபதி கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கு வந்தார்.

"நீங்க சொன்ன மார்க்குங்க. நீங்களே வந்து சொல்லிப்போடுங்க."

பாலுசாமி இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். டி.சி. வாங்க வரிசை நிற்கிற மாதத்தில் அவர் விடுப்பு எடுப்பது தலைமையாசிரியருக்குப் பிடிக்கவில்லை. காரணம் என்ற இடத்தில் "சொந்த வேலை" என்று இருந்தது.

பெங்களூர்க் கல்லூரியில் முதல்வரைப் பார்க்கலாம் என்று வெங்கடபதி சொன்னார். "வேண்டாமுங்க, கிளார்க்கைப் பாக்கலாமுங்க" என்றார் பாலுசாமி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குக் கன்னடமும் கொஞ்சம் தமிழும் தெரிந்தது. பாலுசாமிக்குத் தமிழும், சத்தியமங்கலத்துச் சந்தையில் கற்றுக்கொண்ட கொஞ்சம் கன்னடமும். அப்பாவும் மகளும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு எழுத்தர்களும் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். நாற்பத்தொன்பது, பதினொன்று, எட்டு என்று எழுதிய தாள் ஜன்னல் வழியாக உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது. அந்தத் தாளால் ஒன்றும் ஆகவில்லை. கடைசியில், "உங்க ஆபீஸ்ல இதுக்கு முன்னால இந்த மாதிரி யாராச்சும் சேந்திருக்கறாங்களான்னு பழைய ஃபைலைப் பாருங்க" என்றார் பாலுசாமி. உள்ளே இருந்தவர் ஏணி போட்டு ஏறினார். தூசி பறந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே கொடைக்கானல் பள்ளியிலிருந்து ஒருத்தி சேர்ந்திருந்தாள். அவளுடைய மதிப்பெண் முப்பத்தொன்று.

அதற்கு மேல் இருவருக்கும் பேச எதுவும் இருக்கவில்லை. பன்னிரண்டரைக்கு முத்திரை விழுந்தது.

விடுதியில் சேர இன்னொரு படிவம். அதில் வீட்டாரைத் தவிர மாணவியை நன்கு அறிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வெங்கடபதி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கிளார்க் சார்" என்றார்.

பாலுசாமி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, தொடையில் அட்டையை வைத்துக்கொண்டு, பள்ளிப் பதிவேட்டில் எழுதுகிற அதே நிதானத்தோடு ஆங்கிலத்தில் நிரப்பிக்கொண்டு வந்தார். பெயர். விலாசம். உத்தியோகம். கல்வித் தகுதி என்று கேட்ட இடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்று எழுதினார். அதற்கு மேல் அங்கே எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துப் போடப் போனவர் பேனாவை மறுபடி மேலே கொண்டுவந்தார். எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில், சின்ன எழுத்தில், 211/600 என்று எழுதினார். கையெழுத்தையும் போட்டு, மை காயட்டும் என்று இரண்டு தடவை ஊதினார். பிறகு படிவத்தை ஜன்னலில் கொடுக்காமல் நீரஜாவின் கையில் கொடுத்தார்.